வடாம் காயும் வேகத்தில் ஒரு வண்ணம்

ஒரு மாம்பழத்தின் கன்னத்தில் மஞ்சள் மெல்ல மெல்லச் சிவப்பாக மாற வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். சென்னையின் மே மாத மதியத்தில் அக்ரிலிக் என்னும் ஓவிய வண்ணத்திடம் போய் இதைக் கேட்டது என் குற்றம்தான்! மஞ்சளைப் பூசிவிட்டுச் சிவப்பைத் தொட்டுத் திரும்புவதற்குள் மஞ்சள் பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. மின்விசிறியை நிறுத்தினால் நான் உருகுகிறேன். போட்டால் தட்டிலிருக்கும் வண்ணம் தோல் கட்டுகிறது. மாடியில் அம்மா இடும் கூழ் வடாம்கூடக் காய இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறதே, ஐயா! தண்ணீர் தெளிக்கலாமே என்பீர்கள். தெளித்தேன். மாம்பழம் அழுதது.

நிறம் செய்யும் துரோகம் தனி. இந்த வண்ணத்தில் கலந்திருக்கும், ஈரத்தில் பால்போல் இருக்கும் பசை காய்ந்ததும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். அதனால், பூசும்போது வெளிர்நீலமாக இருந்த வானம், காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மழைக்கு இருட்டிக்கொண்டு நிற்கிறது. விடுபட்ட ஒரு மூலைக்காக அதே நீலத்தை மறுபடி கலந்து பார்த்திருக்கிறீர்களா? ஏழு முறை கலந்தேன். ஏழு வானங்கள் கிடைத்தன. வெள்ளைக் குழாய் தீர்ந்தது. (எப்போதும் அதுதான் முதலில் தீரும். பெட்டியில் அதை மட்டும் பெரிதாக வைத்தால் என்ன குறைந்துவிடும்?)

இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு. திரும்பி வந்தால் முந்நூறு ரூபாய்த் தூரிகை வேப்பங்குச்சியாகியிருந்தது. சட்டையில் தெறித்த சிவப்போ, நான்கு சலவைக்குப் பிறகும் அசையவில்லை.

பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "தக்காளி நன்றாக வந்திருக்கிறதே!"