மூவரில் ஒருவராக 53 ஆண்டுகள்

என் மகள் பியானோ கற்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கோவையில் எங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "எத்தனாவது கிரேடுங்க?" என்பதுதான். கேட்பதில் குற்றமில்லை, நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் பியானோ கலைஞர் என்றால் தனியாக மேடையேறிக் கைத்தட்டு வாங்குபவர், அது வாய்க்காதவர்தான் பிறரோடு சேர்ந்து, ஒரு சிலர் மட்டுமே கூடி வாசிக்கும் சேம்பர் இசை வாசிக்கப் போகிறார் என்று நம்மிடையே ஊறிக் கிடக்கும் எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பியானோ கலைஞர் மெனஹம் பிரஸ்லரையே எடுத்துக்கொள்ளலாம். 1923-இல் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் பிறந்த யூதர். தந்தை ஆடைக்கடை நடத்தியவர். 1938 நவம்பரில் நாஜிகள் யூதர்களின் கடைகளை அடித்து நொறுக்கியபோது அந்தக் கடையும் தப்பவில்லை. மறு ஆண்டு குடும்பம் இத்தாலி வழியாகப் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தது. 1946-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த டெபுஸ்ஸி பியானோ போட்டியில் முதல் பரிசு பெற்ற அவருக்குத் தனிக் கச்சேரிகளுக்கான வழி திறந்தே இருந்தது. அப்படியிருந்தும் 1955-இல் ஒரு வயலின் கலைஞரோடும் வயலினைப் போலவே வில்லால் வாசிக்கும் பெரிய வாத்தியமான செல்லோவின் கலைஞர் ஒருவரோடும் சேர்ந்து போஸார் ட்ரையோ என்ற மூவர் குழுவைத் தொடங்கி, 2008-இல் அது கலையும்வரை அதிலேயே இருந்தார். அதற்குள் வயலினில் ஐவர், செல்லோவில் மூவர் வாசித்துவிட்டார்கள். பியானோவில் மட்டும் கடைசிவரை அவர்தான்.

இதை எளிய பாதை என்று நினைப்பவர்கள் ஒரு ட்ரையோவை அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும். 88 கட்டைகள் கொண்ட பியானோவின் மூடியை முழுதாகத் திறந்து ஓங்கி வாசித்தால் செல்லோ இருக்குமிடமே தெரியாது. வயலின் நாதம் வில் ஓடும்வரை நிற்கும். பியானோ நாதமோ கட்டையைத் தட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். தேயும் நாதத்தைக் கொண்டு நிற்கும் நாதத்தோடு ஒரே வரியைப் பாட வைப்பதுதான் பியானோ வாசிப்பவரின் பாடு. பக்கவாத்தியம் என்ற நம் சொல்லும் இதற்குப் பொருந்தாது. ஏனெனில் ஓரடியில் பின்னால் நிற்பவரே அடுத்த அடியில் வழிநடத்த வேண்டியிருக்கும்.

போன மாதம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டில் என் மகளும் இன்னும் இரு பிள்ளைகளுமாக மூவர், இசையமைப்பாளர் ஹைடன் மூன்று வாத்தியங்களுக்கு எழுதிய ட்ரையோ ஒன்றை வாசித்துப் பழகினார்கள். செல்லோ வாசிக்கும் பையன் வாத்தியத்துக்கும் ஒரு டிக்கெட் எடுத்து உடுமலையிலிருந்து பேருந்தில் வந்திருந்தான். ஹைடனின் ட்ரையோக்களில் செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடது கையோடுதான் நடக்கும். என் மகள் அந்தக் கையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். ஆசிரியை நிறுத்தி, "கண்ணு, இடது கையை மடியில வெச்சுக்கிட்டு அவன் வாசிக்கறத மட்டும் கேளு" என்றார். மறுபடி இரு கைகளாலும் வாசித்தபோது, அவள் இடது கையைப் பாதியாகக் குறைத்திருந்தாள். செல்லோ அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. ஏழு ஆண்டுகளில் எந்தக் கிரேடு தேர்வும் அவளுக்குக் கற்றுத் தராதது இது.

உடன் வந்திருந்த என் அம்மாவுக்குத்தான் குறை. "ஏங்கண்ணு, நீ மட்டும் தனியா வாசிக்கவே இல்லையே?" என்று கேட்டார். "கும்மியில நீங்க தனியாவா ஆடுனீங்க, அம்மிச்சி?" என்றாள் அவள்.

பிரஸ்லர் தனியாகவும் வாசிக்காமல் இல்லை. ட்ரையோ கலைந்த பிறகு, 90 வயதில், பெர்லின் பில்ஹார்மோனிக் என்ற பெரிய இசைக்குழுவோடு தனிக் கலைஞராக முதன்முறையாக மேடையேறி மொசார்ட் வாசித்தார். 2023-இல் 99 வயதில் மறைந்தார்.

இந்த ஆண்டு நாங்கள் அடுத்த கிரேடு தேர்வுக்குப் பணம் கட்டவில்லை. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடுவதென்று பேசியிருக்கிறோம். உடுமலைச் செல்லோவின் பேருந்து டிக்கெட் எங்கள் கணக்கு.