செடிக்குச் சத்துப் பத்தவில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

மாடியில் இருக்கும் செடியின் இலை மஞ்சளாகிறது என்று யாரிடமாவது வாய் திறந்தால் போதும், "சத்துப் பத்தலை, உரம் போடுங்க" என்ற பதில் தயாராக வந்து விழுகிறது. நர்சரிக்காரரும் அதையே சொல்கிறார், உறவினரும் அதையே சொல்கிறார், மூன்றாம் மாடிப் பெரியவரும் அதையே சொல்கிறார். இரண்டு ஆண்டுகளாக இந்த ஒரே வாக்கியத்தைக் கேட்டு, கேட்டபடியெல்லாம் காசைக் கொட்டி, பதினான்கு செடிப் பைகளில் ஒன்பதைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ எந்தத் தண்ணீரை ஊற்றுகிறாய், எந்த மண்ணில் வைத்திருக்கிறாய் என்று இத்தனை பேரில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை என்பதுதான் எனக்கு ஆறவே ஆறவில்லை.

கறிவேப்பிலைக் கன்றிலிருந்து தொடங்குகிறேன். வாங்கி வந்தபோது கரும்பச்சையாக, கையால் உருவினால் வீடே மணக்கும்படி இருந்த கன்று, நான்காவது மாதத்தில் எலுமிச்சம்பழ நிறத்தில் துளிர்விடத் தொடங்கியது. அடியில் இருந்த பழைய இலைகள் பச்சையாகவே இருந்தன. நுனியில் வந்த இளம் இலைகள் மட்டும் வெளுத்து, நடுவில் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. அந்த இலையைக் கிள்ளி எடுத்துப்போய் நர்சரிக்காரரிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மண்புழு உரம் ஒரு மூட்டையும் ஏதோ ஒரு பச்சை நிறப் புட்டியும் எடுத்துக் கொடுத்தார். அடுத்த முறை கடலைப் பிண்ணாக்கு, அதற்கடுத்த முறை எப்சம் சால்ட். துளிர் மேலும் வெளுத்தது, இலை நுனிகள் தீய்ந்தன, பையின் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்ததைப் போல வெள்ளைப் படலம் பூத்தது.

இலை சொல்வதைப் படிக்க வேளாண் பட்டம் எதுவும் தேவையில்லை. தழைச்சத்தோ (நைட்ரஜன்) மக்னீசியமோ குறைந்தால், செடி அதைப் பழைய இலைகளிலிருந்து உருவி இளந்துளிருக்குக் கொடுத்துவிடும். ஆகவே முதலில் வெளுப்பது அடியிலைகள்தான். இரும்பை அப்படி எளிதில் இடம் மாற்றச் செடியால் முடியாது. ஆகவே இரும்பு கிடைக்காதபோது முதலில் வெளுப்பது துளிர். என் கையில் இருந்த இலை, இது இரும்புப் பிரச்சினை என்று கூவிச் சொல்லிக்கொண்டிருந்தது. இதைக்கூடப் பார்க்கத் தெரியாதவர்கள் எந்தத் தைரியத்தில் புட்டி புட்டியாக விற்கிறார்கள்?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. நான் பையில் நிரப்பியிருந்தது செம்மண். செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது. அதாவது, இரும்பின் நடுவே வேரூன்றி நின்றுகொண்டே இரும்பில்லாமல் என் கறிவேப்பிலை வாடிக்கொண்டிருந்தது. பந்தியில் இலை போட்டு உட்காரவைத்துவிட்டுச் சோறு பரிமாறாமல் போன கதைதான் அது. பரிமாறவிடாமல் தடுத்தது எது என்று தேடினால், அது ஒவ்வொரு காலையிலும் என் கையாலேயே ஊற்றிய தண்ணீர்.

நாங்கள் இருப்பது சென்னையின் தென்புறத்தில், ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பி வாழும் குடியிருப்பு. எங்கள் சம்ப்பில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து கிடக்கும். இன்றைய தண்ணீர் நாளைய தண்ணீர் அல்ல. நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிச் சோதித்தபோது, லாரி வந்த மறுநாள் 700 காட்டியது, லாரி வராத வாரத்தில் 1,500 காட்டியது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாதபோதுதான் 2,000 வரை அனுமதி. ஒரு பைக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் என்று கணக்குப் போட்டால், 1,500 காட்டும் தண்ணீரால் நான் நாள்தோறும் மூன்று கிராம் உப்பை அந்தப் பையில் போட்டிருக்கிறேன். மாதத்துக்கு அது தொண்ணூறு கிராம். நீர் ஆவியாகிப் போகும், உப்பு எங்கே போகும்? வயலில் என்றால் மழை அதை ஆழத்துக்குக் கழுவிவிடும். என் பைகளுக்கு அடியிலோ தட்டு இருந்தது. மொட்டைமாடியில் ஒரு சொட்டு நீர் வழிந்தாலும் தளம் பாழாகிவிடும் என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் போட்ட உத்தரவு அது. வழிந்த உப்பு தட்டில் தேங்கி, மறுபடியும் மண்ணுக்கே ஏறியது.

எண்ணிக்கை மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் பிறகுதான் அறிந்தேன். அந்த மீட்டர் எவ்வளவு உப்பு என்று சொல்லுமே தவிர, எந்த உப்பு என்று சொல்லாது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கடின நீரில் இருக்கும் பைகார்பனேட் மண்ணின் காரத்தன்மையை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். அந்த அமில-காரத் தன்மையை அளக்கும் பிஎச் ஏழரையைத் தாண்டினால் இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்குப் போய்விடும். அந்த நிலையில் மேலே இன்னும் உரத்தைக் கொட்டுவது, வயிறு அடைத்துக் கிடப்பவனுக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

இதற்கிடையில் சுற்றுச்சூழல் அக்கறை என்ற பெயரில் ஓர் உபதேசம் கிடைத்தது: ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள். கேட்பதற்கு எவ்வளவு புண்ணியமாக இருக்கிறது! குடிக்கும் நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது என்று சொல்பவர் யோசித்தாரா? எங்கள் வீட்டு ஆர்.ஓ. கழிவு நீர் மீட்டரில் 2,000-ஐத் தொட்டது. அதை நான் ஆறு மாதம் தக்காளிக்கு ஊற்றியிருக்கிறேன். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அந்த நீர் போதும்; செடிக்கு வேண்டாம். கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு வேடிக்கை. கடினம் போன நீர் செடிக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். அந்த இயந்திரம் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, சோடியம் மண்ணைக் களராக்குகிறது.

மண்ணின் கதை இதற்குச் சளைத்ததல்ல. செம்மண் என்று மூட்டையில் வந்தது வீட்டு அடித்தளம் தோண்டிய மண் என்பது, அதில் சிமென்ட் சில்லும் செங்கல் துண்டும் கிடந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு பிடி மண்ணில் வினிகரை ஊற்றினேன், சோடா போல நுரைத்தது. சுண்ணாம்பு கலந்த மண்! கடின நீர் தனியாகச் செய்கிற வேலையை இந்த மண்ணும் கூடச் சேர்ந்து செய்துகொண்டிருந்தது.

அதை விட்டுவிட்டு, தேங்காய் நார்க்கழிவைக் கட்டியாக்கி விற்கும் கோகோபீட்டுக்கு மாறினேன். ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்தால் எழுபது லிட்டருக்கு மேல் பொங்கி வரும். தூக்க எளிது, பார்க்கவும் அழகு. கழுவாத தேங்காய் நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் என்பதை விற்றவர் சொல்லவில்லை. அந்தக் கழிவில் தழைச்சத்து மிகக் குறைவு என்பதால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நாம் போடும் தழைச்சத்தையே முதலில் தின்றுவிடும் என்பதையும் சொல்லவில்லை. நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகுதான் அதைப் பயன்படுத்த வேண்டும். எந்த நீரில் அலசுவது? என் உப்புத் தண்ணீரிலா?

பரிகாரங்களைப் பற்றிப் பேசினால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட்; அமில மண்ணில் மெல்லக் கரையும், என் கார மண்ணில் ஓடாகவே கிடக்கும். இரண்டு வருடத்துக்கு முன் போட்ட ஓட்டை இப்போதும் பையிலிருந்து எடுத்துக் காட்ட முடியும். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகியதற்கு அந்த ஓட்டைப் போடச் சொன்னார்கள். கால்சியம் என் தண்ணீரிலேயே தாராளமாக இருந்தது; சீராக நீர் ஊற்றாததாலும், உப்பில் வேர் சுருங்கியதாலும் அது காய்க்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். எப்சம் சால்ட் மக்னீசியம் சல்பேட். மக்னீசியம் குறையாத செடிக்கு அதைக் கொட்டினால் கால்சியத்தோடு மல்லுக்கு நிற்கும், உப்பும் கூடும். இரும்புச் சத்து என்று நான் வாங்கிய பொடி, இரும்பை வேருக்குக் கிடைக்கும்படி பிடித்து வைத்திருக்கும் சேர்மங்களில் இடிடிஏ (EDTA) வகை. பிஎச் ஆறரை வரைதான் அது தாக்குப்பிடிக்கும். என்னைப் போன்றவர்களுக்குத் தேவை இடிடிஹெச்ஏ (EDDHA) வகை என்பதைக் கடைக்காரர் சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

இத்தனை பேரில் ஓரளவு சரியாகச் சொன்னவர் என் பாட்டிதான். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்று என்றார். நான் சிரித்தேன். அந்தப் புளிப்பு காரத்தைச் சிறிதளவாவது இறக்கும் என்பது புரிந்தபோது சிரிப்பு போய்விட்டது, ஆனால் தினமும் மோர் ஊற்றிக் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை.

கடைசியில் நான் செய்தது இவ்வளவுதான். தட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, மழைநீரைப் பீப்பாயில் பிடித்து, பையின் அடியில் வழிந்தோடும் வரை ஊற்றி உப்பைக் கழுவினேன். லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஒரு கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து மாலை வேளையில் இலையில் தெளித்தேன். மூன்றாவது வாரத்தில் வந்த துளிர் பச்சையாக வந்தது. அந்த ஒரு பீப்பாயை வைக்கவும் நான் சங்கத்தோடு சண்டை போட வேண்டியிருந்தது. 2003-இலிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். எங்கள் கட்டடத்திலும் குழாய் இருக்கிறது, ஆனால் அது எந்தக் குழியில் போய் முடிகிறது என்று செயலாளருக்கே தெரியாது. பீப்பாய் வைத்தால் மட்டும் மாடியின் அழகு கெட்டுவிடுமாம்.

நேற்று மாலை மூன்றாம் மாடிப் பெரியவர் வந்து, மிச்சமிருக்கும் ஐந்து பைகளையும் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, அந்த மல்லி கொஞ்சம் வெளுத்தாப்புல இருக்கே, சத்துப் பத்தலை போல" என்று சொல்லி, எப்சம் சால்ட் ஒரு பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனார். வயதில் மூத்தவர், வாங்கிக்கொண்டேன். இரவு அதில் ஒரு கைப்பிடி எடுத்து வெந்நீரில் போட்டு, பீப்பாய் தூக்கி வீங்கிய என் காலை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.