படுக்கைக்குத்தான் காசு கொடுத்தீங்க தம்பிகளா

நாலு நாளா பொறுத்துப் பார்த்தாச்சு. அந்த பாங்காக் வீடியோவை இதுவரைக்கும் முப்பது பேராவது எனக்கு அனுப்பிட்டீங்க. "அண்ணே, நம்ம மதுரைப் பயலுகளை நடுராத்திரி ரூமை விட்டு வெளிய போகச் சொல்லிட்டாய்ங்க, ஊரு ஊரா டார்ம் பத்தி எழுதுற ஆளு நீங்க ஏன் வாயே திறக்கல?"ன்னு கேள்வி வேற. திறக்கிறேன். திறந்த பிறகு கோவிச்சுக்கக் கூடாது.

டார்ம்னா ஒரே அறையில அடுக்குக் கட்டில் போட்டு, கட்டில் கட்டிலா வாடகைக்கு விடுற இடம். தம்பிகளா, நீங்க வாங்கினது கட்டில். அறை இல்லை. எட்டுக் கட்டில் போட்ட அறையில மூணு கட்டிலுக்குக் காசு கட்டினா, மிச்சம் அஞ்சும் அடுத்தவன் வீடு. விஷயம் அவ்வளவுதான். இதோட முடிச்சிக்கலாம், ஆனா நீங்க விடமாட்டீங்க.

இனவெறி இனவெறின்னு ஷேர் பண்றவங்க ஒரே ஒரு தடவை சத்தத்தை அணைச்சிட்டு படத்தை மட்டும் பாருங்க. ட்யூப் லைட் எரியுது. லோயர் கட்டில்ல பேப்பர் விரிச்சு புளியோதரை. பக்கத்துல ஊறுகாய் பாட்டில், மூடி தனியா உருண்டு கிடக்கு. ஃபோன் ஸ்பீக்கர்ல. சுவர்க் கடிகாரத்துல மணி 12.40. தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஓடுற ஊரு. இங்க 11.10-க்கு "சாப்டியாடா?"ன்னு அம்மா கேட்டா அங்க முக்கால்வாசிப் பேர் தூங்கியாச்சு. அம்மாவைக் குத்தம் சொல்லல. ஃபோனை எடுத்துட்டு வராண்டாவுக்குப் போயிருக்கணும்னு சொல்றேன். பெரும்பாலான டார்ம்ல ஒரு பொது இடம் இருக்கும், சோஃபா இருக்கும், அங்க போய்ப் பேசலாம்.

டார்ம்னா என்னன்னு தெரியாம புக் பண்றதுலதான் பாதிச் சிக்கல். "சீப்பா ஒரு ரூம்"னு நினைச்சுக்கிறாய்ங்க. அது ரூமே இல்ல. பாங்காக்ல காவோ சான் ரோடு பக்கம் ஒரு கட்டில் சுமார் 300 பாட்ல (தாய்லாந்துக் காசு) தொடங்கி 600 வரைக்கும் போகும். தனியா சுத்துறவனுக்கு அது லாபம். மூணு பேர் சேர்ந்து போறப்ப மூணு கட்டில் காசைக் கூட்டிப் பாருங்க, பல நேரம் அதே தெருவுல ஒரு தனி ரூம் வந்துரும். அங்க புளியோதரை என்ன, ஆட்டுக்கறியே விரிக்கலாம். இந்தக் கூட்டல் கணக்கைப் போடாம கிளம்பிட்டு அப்புறம் "தமிழன்னா இளக்காரமா?"

தேதிக் கணக்கும் அப்படித்தான். 15-ம் தேதி விடிகாலை 4 மணிக்கு இறங்குற ஃப்ளைட்டுக்கு 15-ம் தேதின்னு புக் பண்ணுவாங்க. செக்-இன் மதியம் ரெண்டு மணிக்கு மேலதான். இறங்கினதும் படுக்கணும்னா 14-ம் தேதிக்குக் காசு கட்டி, "லேட்டா வருவேன்"னு ஒரு வரி மெசேஜ் போட்டிருக்கணும். இல்லேன்னா பையை ரிசப்ஷன்ல வெச்சிட்டு ஊரைச் சுத்தணும். பத்து மணி நேரம் தூங்காத ஆளு ரிசப்ஷன்ல சண்டை போடாம இருக்கிறது கஷ்டம், ஒத்துக்கிறேன். ஆனா தப்பு நம்ம விரல்ல.

இதுல எனக்குக் கோவத்தைவிட வருத்தம்தான் ஜாஸ்தி. ஏன்னா கூடிப் படுக்கிறது எப்படின்னு நமக்கு யாரும் சொல்லித் தரவே வேணாம். எங்க பெரியம்மா சித்திரைத் திருவிழாவுக்கு வந்தா தல்லாகுளம் பக்கம் ஏதோ ஒரு மண்டபத்துல நூறு பேரோட படுப்பாங்க. அழகரை வரவேற்கிற எதிர்சேவை பாத்துட்டு வந்து, இருட்டுல யாரு காலையும் மிதிக்காம, சுவரைத் தடவிக்கிட்டே தன் இடத்துக்குப் போவாங்க. மஞ்சப்பையைத் தலைக்கு வெச்சு, அதோட காதைக் கையில ஒரு சுத்து சுத்திக்குவாங்க. நாளைக்குக் கட்டுற சேலை மேலாக இருக்கும், சீப்பும் சோப்பும் முந்தானையில முடிஞ்சிருக்கும், விடிகாலை வைகைக்குக் கிளம்பும்போது ஒரு சத்தம் வராது. பாஸ்போர்ட் இல்லாத பெரியம்மாவுக்குத் தெரிஞ்சது பாஸ்போர்ட் எடுத்த பிள்ளைகளுக்குத் தெரியலையேன்னுதான்.

மஞ்சப்பைன்னதும் ஞாபகம் வருது. டார்ம்ல ராத்திரி பெரிய எதிரி குறட்டை இல்ல, பிளாஸ்டிக் கவர். நாலு மணிக்குக் கிளம்புறவன் ஒவ்வொரு கவரா பிரிச்சு சரசரன்னு துணி தேடுவான், அறையே முழிச்சிக்கும். துணிப்பையில கட்டினா சத்தமே வராது. அரசாங்கம் 2021-ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு திட்டம் போட்டது சுற்றுச்சூழலுக்குத்தான், ஆனா டார்ம்காரனுக்கும் அது வரப்பிரசாதம். சட்டைக்கு ஒண்ணு, உள்ளாடைக்கு ஒண்ணு, அழுக்குக்கு ஒண்ணு. மறுநாள் போடுற செட்டை முந்தின ராத்திரியே மேல எடுத்து வெச்சிருங்க. அலாரம் வைப்ரேஷன்ல, தலையணைக்கு அடியில. ஸ்னூஸ் அமுக்கினீங்கன்னா நான் உங்க பக்கம் இல்ல.

திரை இல்லாத கட்டில் கிடைச்சிட்டா பதறாதீங்க. லோயரா இருந்தா மூட்டாத கைலி ஒண்ணு போதும். மேல் மெத்தைக்கு அடியில ஒரு சாண் செருகி விடுங்க, மெத்தை கனம் அதைப் பிடிச்சிக்கும், பக்கவாட்டுல ரெண்டு மீட்டருக்குத் திரை ரெடி. மூட்டின கைலின்னா ஒரு மீட்டர்தான் வரும், கால் வெளிய தெரியும். மேல ஆள் படுக்கறதுக்கு முன்னாடி செருகணும், அவர் தூங்கினப்புறம் மெத்தையைத் தூக்கக் கூடாது. அதே கைலி ஏசி குளிருக்குப் போர்வை. துண்டு எடுக்கிறப்ப டர்க்கி டவல் வேண்டாம், விளக்குத்தூண் பக்கம் ஈரிழைத் துண்டு எடுங்க. டர்க்கி டவல் ஏசி அறையில மறுநாளும் காயாது, நாத்தம் பிடிக்கும், பத்தாததுக்கு மேல் கட்டில் கம்பியில தொங்கி கீழ இருக்கிறவன் மூஞ்சியில சொட்டும்.

பூட்டு. லாக்கர் அவங்க கொடுப்பாங்க, பூட்டு பெரும்பாலும் நம்மளுது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது நமக்கெல்லாம் பெருமைதான், ஆனா அந்த வளையம் லாக்கர் கொக்கிக்குள்ள நுழையவே நுழையாது. வளையம் 5 மில்லிமீட்டருக்குள்ள இருக்கிற சின்னப் பூட்டா வாங்குங்க. நம்பர் பூட்டுன்னா நம்பர் மாத்தினதும் வளையம் திறந்திருக்கும்போதே மூணு தடவை சரிபாருங்க. பூட்டிட்டு மறந்தா அர்த்தராத்திரியில கட்டர் தேடணும். பாஸ்போர்ட்டை ரிசப்ஷன்ல ஸ்கேன் எடுத்துட்டுத் திருப்பித் தந்துருவாங்க. வெளிநாட்டுக்காரர் தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள இமிக்ரேஷனுக்குச் சொல்லணும்ங்கிறது அங்க சட்டம், அதுக்குத்தான் ஸ்கேன். அடமானமா பாஸ்போர்ட்டையே கேட்டா கொடுக்காதீங்க, பணமா டெபாசிட் கட்டுங்க.

எனக்கு இன்பாக்ஸ்ல அதிகமா வர்ற கேள்வி மூட்டைப்பூச்சி. பையை வைக்கிறதுக்கு முன்னாடியே பாக்கணும், படுத்தப்புறம் இல்ல. ஃபோன் டார்ச் போட்டு, தலைமாட்டுப் பக்கம் விரிப்பை உருவி, மெத்தையோட ஓரத் தையலை விரலால பிரிச்சுப் பாருங்க. பேனா மை தெறிச்ச மாதிரி கறுப்புப் புள்ளி வரிசையா இருந்தா அது அதோட கழிவு. பூச்சி எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, தட்டை, பழுப்பு. அப்புறம் கட்டில் மூலை, திருகு ஓட்டை, மரச்சட்டம் சேருற இடுக்கு. மரக்கட்டிலைவிட இரும்புக் கட்டில்ல ஒளியிற இடம் குறைவு. தென்பட்டா கத்தாதீங்க, ஃபோட்டோ எடுத்துட்டு ரிசப்ஷனுக்குப் போங்க. பக்கத்துக் கட்டில் வேண்டாம், அறையையே மாத்தச் சொல்லுங்க. பையை எப்பவும் மெத்தை மேல வைக்காதீங்க. ஊருக்கு வந்ததும் நேரா பீரோவுல கவுத்தாம பாத்ரூம் டைல்ஸ் மேல வெச்சுப் பிரிச்சு, துணியை 60 டிகிரி சுடுதண்ணியில துவைங்க. "மொட்டைமாடியில காயப்போட்டா செத்துரும்"பாங்க. மதுரை வெயில் கடுமைதான், ஆனா பூச்சி நிழல் பக்கமா நகர்ந்து தையலுக்குள்ள போயிரும்.

குறட்டைக்கு நுரை ஏர்ப்ளக். பாதிப் பேர் அதை அப்படியே காதுல அமுக்கிட்டு "வேலை செய்யல"ம்பாங்க. அதை விரலால குச்சி மாதிரி உருட்டணும். மறு கையைத் தலைக்கு மேல கொண்டுவந்து காது மடலை மேலயும் பின்னாலயும் இழுத்து, உள்ள விட்டு, அரை நிமிஷம் விரலை எடுக்காம வெச்சிருக்கணும். உப்பி அடைச்சிக்கும்.

சரி, இப்ப என்னைத் திட்டினவங்களுக்கு வர்றேன்.

"காசு கொடுத்துட்டுத்தானே இருக்கோம்?" அந்த அஞ்சு பேரும் ஓசியிலயா படுத்திருக்காங்க? வாங்கினது கட்டில். அறை இல்லை.

"வெள்ளைக்காரன் ரெண்டு மணிக்குக் குடிச்சிட்டு வந்து உருளுறானே, அவனை யாராச்சும் கேட்டாங்களா?" நியாயமான கேள்வி. வர்றான், உருளுறான், செருப்போட கட்டில்ல ஏறுறான். அவனையும் வெளிய அனுப்பணும். எல்லா இடத்துலயும் அனுப்புறாங்களான்னா இல்ல. மறுக்கல. நம்ம தோலைப் பாத்ததும் குரல் மாறுற ரிசப்ஷனும் உண்டுதான். ஆனா இந்த வீடியோவுல அது நடக்கல. ரிசப்ஷன்லேருந்து ரெண்டு தடவை வந்து தன்மையா சொல்லிட்டுப் போறாங்க, மூணாவது தடவைதான் தனி ரூமுக்கு மாறிக்கோங்க, இல்லேன்னா கிளம்புங்கன்னு சொல்றாங்க. முதல் ரெண்டு தடவையும் நம்ம தம்பி "ஓகே ஓகே"ன்னு சொல்லிட்டு அடுத்த கவளத்தை எடுக்கிறாரு.

"நம்ம சாப்பாட்டை நாத்தம்ங்கிறான்." அய்யா, அவங்க ஊர்லயே பழங்களுக்கு ராஜான்னு கொண்டாடுற துரியனை, அதோட வாடைக்காக ஹோட்டல் வாசல்லயே வட்டம் போட்டுக் குறுக்குக் கோடு இழுத்துத் தடை பண்ணி வெச்சிருக்கான். தன் ராஜாவையே உள்ள விடாதவன் உங்க ஆவக்காயை விடுவானா? மூடின அறை, ஒரே ஏசி, அதே காத்துதான் விடிய விடியச் சுத்தும். கீழ டைனிங்ல சாப்பிட்டா ஒருத்தனும் கேக்கமாட்டான். பக்கத்து டேபிள்காரன் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கித் திங்கவே வாய்ப்பு இருக்கு.

"தமிழனுக்கு அங்க மரியாதை இல்ல." இதுக்குத்தான் சிரிப்பு வருது. அந்த டார்ம்லேருந்து நடந்து போற தூரத்துல வாட் சுதத் கோயில் முன்னாடி சிவப்பா பெரிய ஊஞ்சல் கம்பம் ஒண்ணு நிக்கும். 1935-லயே ஆடுறதை நிறுத்திட்டாங்க, கம்பம் நிக்குது. அங்க நடந்த சடங்குக்குப் பேரு த்ரியம்பவாய். நம்ம திருவெம்பாவை. பாடினவரு மாணிக்கவாசகர், மேலூர் பக்கம் திருவாதவூர்க்காரரு. மார்கழிப் பாட்டு அவ்வளவு தூரம் போய் அரசாங்கச் சடங்கா உக்காந்திருக்கு. சீலோம் ரோட்டுல மாரியம்மன் கோயில், தமிழங்க கட்டினது, இன்னைக்கும் தாய்லாந்துக்காரங்க மாலையோட வரிசையில நிக்கிறாங்க. இந்த ரெண்டையும் நம்ம தம்பிகள் பாத்தாங்களான்னு தெரியல. வீடியோவுல வரல.

"இவன் வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா, இவனெல்லாம் மதுரைக்காரனா?"ன்னு எழுதின அண்ணனுக்கு மட்டும் தனியா. மதுரைக்காரன்தான். அதனாலதான் ஒண்ணு கேக்கிறேன். மதுரை ஆதாரோட மதுரையிலயே பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கட்டில் கேட்டுப் பாருங்க. "லோக்கல் ஐடி எடுக்கிறதில்ல சார்"னு எத்தனை இடத்துல சொல்றாங்கன்னு எண்ணிட்டு வாங்க. வீட்டுல சாவு விழுந்து சொந்தக்காரங்க நிறைஞ்சிட்டாங்க, ஒரு ராத்திரி படுக்க இடம் வேணும்னு வந்த ஆளுக்கும் அதே பதில்தான். சொந்த ஊர்ல அட்ரஸைப் பாத்துட்டு வெளிய அனுப்புறதுக்கு ஒருத்தனும் வீடியோ போட்டதில்ல. நானும் எழுதினதில்ல, அது என் தப்பு. பாங்காக்ல ஊறுகாய் மூடியை மூடச் சொன்னா மட்டும் மானம் போயிருது. போகட்டும், இதுக்கும் ஜால்ரான்னுதான் எழுதப் போறீங்க.

கடைசியா அந்த வீடியோவுல 47-வது செகண்டுல நிறுத்திப் பாருங்க. வலது ஓரத்துல, அப்பருக்கு ஏறுற ஏணிக்குக் கீழ ஒரு பை இருக்கு. ஜிப் முழுசா மூடி, ஷூ ரெண்டையும் லேஸால பை வார்லயே கட்டி, தண்ணி பாட்டிலைப் பக்கத்துப் பையில செருகி. விடிகாலை ஃப்ளைட் இருக்கிறவங்க கட்டுற கட்டு அது, மூணரைக்கோ நாலுக்கோ எந்திரிக்கணும். மேல ஆள் தெரியல. தலையணையைக் காதோட சேர்த்து அமுக்கிப் பிடிச்ச ஒரு கை மட்டும் தெரியுது.