பட்டா நிலத்தில் சந்தன மரம் வளர்த்தால் குற்றமா?

"சொந்த நிலத்தில் சந்தன மரம் இருந்தாலே ஜெயில், மரம் அரசுக்குத்தான் சொந்தம்" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

தமிழ்நாடு வனச் சட்டத்தில் 2002-இல் திருத்தம் வந்தது. அதன்படி பட்டா நிலத்துச் சந்தன மரம் நில உரிமையாளருக்கே சொந்தம். வளர்க்கத் தடையில்லை. ஆனால் வெட்டுவது வேறு விஷயம். மரம் நம்முடையதே என்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டவோ, கட்டையை வண்டியில் ஏற்றவோ கூடாது. குழப்பமே இங்கேதான் வருகிறது.

சந்தேகமா? மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பட்டா நிலச் சந்தன மரங்களுக்கென 2008-இல் வந்த தனி விதிகளையும் படித்துப் பாருங்கள். இந்த வதந்திக்குப் பயந்து தானாக முளைத்த கன்றைக்கூடப் பிடுங்கிப் போட்டால் நஷ்டம் விவசாயிக்குத்தான். தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.