நியமனக் கடிதத்தை அப்படியே முகநூலில் போடாதீர்கள்

இலங்கை மலையகத்தில் ஒரு பிள்ளைக்கு வேலை நியமனம் கிடைத்தால் அது ஒரு வீட்டுச் செய்தி இல்லை, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழும் லயமே கொண்டாடும் செய்தி. 1948இல் குடியுரிமை பறிபோன சமூகம் இது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரவே 1970கள் ஆனது. அதனால் "எதுக்கு இந்தப் பெருமை?" என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தாராளமாகப் போடுங்கள். போடும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் கடிதம். பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். புதிய 12 இலக்க எண்ணில் முதல் 4 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 545 என்று இருந்தால் பெப்ரவரி 14இல் பிறந்த பெண். உங்கள் பெயரில் மோசடி செய்ய நினைப்பவனுக்கு இதற்கு மேல் அதிகம் தேவையில்லை. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றில் உள்ள சுட்டெண்ணும் (பரீட்சை எண்) அப்படித்தான்: அதை வைத்து யாரும் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் உங்கள் பாடவாரியான பெறுபேற்றைப் பார்க்கலாம்.

போனில் உள்ள ஹைலைட்டரால் கறுப்பாகத் தேய்த்தால் போதாது. அந்த மை வழியாக அடியில் உள்ளது பாதி தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். தாளின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்து மறைத்து, பிறகு போட்டோ எடுங்கள். கியூஆர் குறியீடு இருந்தால் அதையும் மறையுங்கள்.

அடுத்தது வார்த்தை. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்தவருக்கு "சட்டத்தரணி" என்று போஸ்டர் அடிக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யும்வரை அவர் சட்டத்தரணி இல்லை. போட்டிப் பரீட்சையில் சித்தி, நேர்முகம் இன்னும் முடியவில்லை என்றால் அதையே எழுதுங்கள், அல்லது கடிதம் கைக்கு வரும்வரை பொறுங்கள். "மலையகத்தின் முதல்" என்ற சொல்லை முடிந்தவரை விடுங்கள். பதுளையிலோ மாத்தளையிலோ உங்களுக்கு முன்னால் சத்தமில்லாமல் ஒருவர் அதைச் செய்து முடித்திருக்கக்கூடும். "எங்கள் தோட்டத்தில் முதல்" என்பதையாவது பெரியவர்கள் நாலு பேரிடம் கேட்டு உறுதி செய்யலாம்.

அம்மாவின் படம் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். பட்டமளிப்பு அங்கியை அவருக்குப் போட்டு, தேயிலைக் கொழுந்து மலையில் நிறுத்தி, "கூலித் தொழிலாளியின் மகள் சாதனை" என்று தலைப்பு வைக்கிறோம். அவரிடம் கேட்டோமா? அவர் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள், எத்தனை வருடம் கொழுந்து எடுத்தார் என்று எழுதுங்கள். வறுமையை மட்டும் காட்டும் படம் அவரைச் சிறுமைப்படுத்துகிறது.

நல்ல பதிவுக்கு நாலு வரி போதும்: "3 வருட தாதியர் பயிற்சி முடிந்தது. அடுத்த மாதம் வேலையில் சேர்கிறேன். உயர்தரம் இரண்டாம் தடவைதான் சரிவந்தது. பின்னேரம் விளக்கு வைத்துப் படிப்பித்த டீச்சருக்கு நன்றி." அந்த மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். முதல் தடவை தவறிய பிள்ளை தேடுவது அதைத்தான். எழுத்தைப் படத்துக்குள் மட்டும் வைக்காமல் யூனிகோட்டில் பதிவிலும் எழுதுங்கள், இல்லாவிட்டால் தேடினால் கிடைக்காது. பெறுபேறு வந்த அன்றே வேண்டாம், பக்கத்துக் காம்பராவில் (லய அறையில்) அழுகிற பிள்ளை இருக்கும். இரண்டு நாள் போகட்டும்.

கமெண்டில் "எப்படி விண்ணப்பிப்பது அக்கா?" என்று ஒரு தங்கச்சி கேட்டால் இன்பொக்ஸுக்கு வரச் சொல்லாதீர்கள். எந்த வெள்ளிக்கிழமை அரச வர்த்தமானியில் விளம்பரம் வந்தது, என்ன தகைமை கேட்டார்கள், எந்தச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருந்தது என்று அங்கேயே எழுதுங்கள். கேட்கக் கூச்சப்படும் பத்துப் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.