ஹவுஸ் ஓனர் யாருக்கு ஓட்டுப் போடணும்?

தேர்தல் நெருங்கினால் ஹவுஸ் ஓனர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது: "சொத்து வரியை யார் குறைக்கிறேன்னு சொல்றாங்களோ, அவங்களுக்குத்தான் நம்ம ஓட்டு." சென்னைப் புறநகரில் நானும் வீடு வாடகைக்கு விடுகிறவன்தான். கீழே இரண்டு போர்ஷன், மாடியில் ஒன்று. தனியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், பென்ஷன் கிடையாது. மருந்துக்கும் மளிகைக்கும் அந்த வாடகைதான். வரி ஏறினால் எங்கே வலிக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தே சொல்கிறேன், வரியை வைத்துக் கட்சியைத் தேர்ந்தெடுத்தால் நாம் ஏமாந்துதான் போவோம். நம் வீட்டில் குடியிருப்பவர் கையில் மாசக் கடைசியில் நாலு காசு தங்க வேண்டும். எந்தக் கட்சி அதற்கு வழி செய்கிறதோ அதற்குத்தான் ஓனரின் ஓட்டு போக வேண்டும்.

வரிக் கதையை முதலில் பேசிவிடுவோம். சென்னையில் 1998இல் சொத்து வரியைத் திருத்தியதோடு சரி. அதற்கப்புறம் இருபது வருஷம் மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சியும் அதைத் தொடவில்லை. 2018 ஜூலையில் அ.தி.மு.க. ஆட்சி ஏற்றியது. அப்போது உள்ளாட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூடக் கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம் வரை, வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 100 சதவீதம் வரை என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே வாடகை வீட்டுக்கும் 50 என்று இறக்கினார்கள். அன்றைக்குத் தெருவில் இறங்கிப் போராடியது தி.மு.க. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடுபிடித்த 2019 நவம்பரில் அந்த உயர்வையே நிறுத்திவைத்தார்கள்.

அடுத்தது 2022. பிப்ரவரி 19இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. மேயர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் பிறக்கும்போதே தி.மு.க. ஆட்சியின் அறிவிப்பு வந்துவிட்டது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. இந்த முறை போராட்டம் நடத்தியது அ.தி.மு.க. பா.ஜ.க.வும் கொடி பிடித்தது. ஆனால் உள்ளாட்சி மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்கணும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலையும் ஏற்றணும் என்று நிபந்தனை போட்டது, மத்திய வரிப் பணத்தை மாநிலங்களோடு எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கிற 15ஆவது நிதிக்குழு. அதை ஏற்றுக்கொண்டது டில்லியில் இருக்கிற பா.ஜ.க. அரசு. ஆக மூன்று கட்சிக்கும் இதில் பங்கு உண்டு, மூன்று கட்சியும் இதை எதிர்த்துக் கோஷமும் போட்டிருக்கின்றன. இதில் யாரை நம்பி வரிக்காக ஓட்டுப் போடுவது?

பத்திரப் பதிவும் இப்படித்தான். 2017இல் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கிற நில மதிப்பை, 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்தில் இருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023இல் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள், மதிப்பைப் பழையபடி ஏற்றினார்கள். ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்கிக்கொண்டார்கள், ஆட்சி மாறினாலும் வழக்கம் மாறவில்லை.

இன்னொன்றையும் நம் ஆட்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "நம்மகிட்ட வரியைப் பிடுங்கி இலவசமா வாரி இறைக்கிறாங்க" என்று ஒரு வாக்கியம் வாட்ஸ்அப்பில் தினமும் சுற்றுகிறது. சொத்து வரி போவது மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும். தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், சாலை எல்லாம் அதில்தான். மகளிர் பேருந்துக்கும் உரிமைத் தொகைக்கும் காசு வருவது மாநில அரசின் கஜானாவில் இருந்து. இரண்டும் வேறு வேறு பை. வரி கட்டியும் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை வரவில்லை, செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரிக்குத் தனியாக அழுகிறோம் என்றால் அந்தக் கோபம் நியாயம். அதைக் காட்ட வேண்டியது கவுன்சிலர் தேர்தலில், வார்டில் வேலை செய்யாதவரிடம். கீழ் போர்ஷன் அம்மாவின் பஸ் டிக்கெட்டின் மேல் காட்டுவதில் ஒரு நியாயமும் இல்லை.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற்றுமதி கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷனுக்கு வண்டி ஓட்டுகிற வேலை, சவாரி இருந்தால் உண்டு. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். வாடகை ஐந்தாம் தேதி தரணும் என்பது பேச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் லீவு போட்டால் அந்த மாசம் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அப்போது படியேறி வந்து, "அண்ணா, இப்ப ஏழாயிரம் வெச்சுக்கோங்க. பதினஞ்சாம் தேதி மகளிர் காசு ஏறினதும் மீதி ஆயிரம் தந்துடறேண்ணா" என்று சொல்லும். சொன்னபடி பதினைந்தாம் தேதி சாயந்திரம் ஜீபேயில் ஆயிரம் ரூபாய் வந்து விழும். ஒரு மாசம்கூடத் தவறியது இல்லை.

அந்த ஆயிரம் ரூபாய் எங்கே வந்து சேர்ந்தது என்று ஓனர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை தொடங்கியபோது "உழைக்காதவங்களுக்குச் சும்மா காசு" என்று எங்கள் குழுவில் கொதித்தார்கள். அந்த அம்மா காலை ஏழரைக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்பும். பஸ் காசு மிச்சம். ரேஷன் அரிசி வருகிறது. அரசுப் பள்ளியில் படிக்கிற சின்னவனுக்குக் காலைச் சாப்பாடு அங்கேயே ஆகிவிடுகிறது. இப்படி மிச்சம் பிடித்ததெல்லாம் சேர்ந்துதான் எட்டாயிரம் வாடகையாக என் கணக்குக்கு வருகிறது. அதில் ஒன்று நின்றாலும் முதலில் தள்ளிப்போவது வாடகைதான். அரிசியையும் ஃபீஸையும் தள்ளிப்போட முடியாது, ஓனரிடம் மட்டும்தான் தவணை கேட்க முடியும்.

இதைத் தி.மு.க.வுக்குப் பிரச்சாரமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரேஷனில் விலையில்லா அரிசி 2011இல் ஜெயலலிதா கொண்டுவந்தது. அம்மா உணவகம் 2013இல் அவர் ஆட்சியில் வந்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2016இல் பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டதும் அவர்தான். யார் கொண்டுவந்தாலும் பலன் நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது. அடுத்து வருகிறவர் இதை எடுத்துவிடுவாரா, தொடர்வாரா, கூட்டுவாரா, கூட்டினால் கஜானா தாங்குமா என்பதுதான் நான் கேட்கிற கேள்வி. தாங்காத வாக்குறுதியை அள்ளி வீசுபவரையும் நம்ப முடியாது. இரண்டு வருஷத்தில் கைவிரித்தால் அடி விழுவது குடியிருப்பவருக்குத்தான், அவர் வழியாக நமக்கும்.

சந்தேகம் இருப்பவர்கள் 2020ஐ நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் கம்பெனிகள் மூடின. தொழிலாளிகளிடம் ஒரு மாச வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் கடைசியில் மத்திய உள்துறை அமைச்சகமே உத்தரவு போட்டது. எங்கள் தெருவில் ஜூன், ஜூலையில் வீட்டுக்கு வீடு டு-லெட் போர்டு தொங்கியது. ஐ.டி. பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஓட்டலில் வேலை பார்த்தவர்கள் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாமான்களை மினி லாரியில் ஏற்றினார்கள். அந்த வருஷம் சொத்து வரியைச் சுத்தமாகத் தள்ளுபடி செய்திருந்தாலும் நம்மில் எத்தனை பேர் தப்பித்திருப்போம்? குடியிருக்க ஆள் இல்லாத வீட்டில் வரிச் சலுகையால் அடுப்பு எரியாது. அதனால்தான் வேலை எங்கே வருகிறது, தொழிற்பேட்டை எங்கே வருகிறது, பஸ்ஸும் ரயிலும் நம் பக்கம் எத்தனை விடுகிறார்கள் என்று பார்த்து ஓட்டுப் போடச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஓனர்களின் ஈபி கணக்கையும் பேசாமல் விட முடியாது. ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் ஓடினால் யூனிட் ஏறி ஏறி, ரேட் கூடுகிற மேல் ஸ்லாபுக்குப் போய்விடும், அது நிஜம். அதைக் காரணம் காட்டி சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது, பத்து ரூபாய் என்று வாங்குகிறோம். ஆனால் தனி மீட்டர் இருக்கிற போர்ஷனிலும் அதே ரேட்டைப் போடுகிற ஓனர்கள் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு அரசு கொடுத்த 100 யூனிட் அப்படியே ஓனர் பாக்கெட்டுக்குப் போகிறது. இதைச் செய்துகொண்டே "இலவசத்தால நாடு கெட்டுப்போச்சு" என்று ஃபார்வர்டு அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. அந்த இலவசத்தில் பிழைப்பது அப்போது யார்? எங்கள் வீட்டில் மூன்று போர்ஷனுக்கும் தனித்தனி இணைப்பு. பில் அவர்கள் போனுக்கே போகிறது, அவர்களே கட்டிக்கொள்கிறார்கள்.

மத்திய அரசின் வருமான வரி பக்கம் சுருக்கமாக ஒரு விஷயம். வாடகை வருமானத்தில் 30 சதவீதக் கழிவு பல வருஷமாக இருக்கிறது. வீட்டுக் கடன் வட்டியால் வருகிற நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிப்பதற்கு 2017இல் 2 லட்சம் என்று வரம்பு போட்டார்கள். புதிய வரி முறைக்குப் போனால் அதுவும் இல்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் வீடு விற்றால் கிடைத்த இண்டெக்சேஷனை, அதாவது வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக் காட்டி வரியைக் குறைக்கிற வழியை, எடுத்தார்கள். சத்தம் போட்டதும் 2024 ஜூலை 23க்கு முன்னால் வாங்கிய சொத்துக்கு மட்டும் பழைய வழியையும் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள். 2018இல் மாநில அரசும் சத்தத்துக்குத்தான் இறங்கியது. வரி விஷயத்தில் பலித்தது எல்லாம் தேர்தலுக்கு அப்புறம் நாம் எழுப்பிய குரல்தான்.

ஓனராக ஒரு கட்சியிடம் கேட்டு வாங்க வேண்டியது என்று பார்த்தால், எனக்கு வாடகைச் சட்டம்தான் முதலில் நிற்கிறது. 1960ஆம் வருஷச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதியணும் என்கிறது. அ.தி.மு.க. கொண்டுவந்த சட்டம், தி.மு.க. ஆட்சியிலும் தொடர்ந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் பக்கம் இன்னும் பதியாத பதினொரு மாச ஒப்பந்தம்தான் ஓடுகிறது. ஏற்கெனவே பத்து வேலை இருக்கிற வருவாய்த் துறை அதிகாரி தலையில் இந்தப் பொறுப்பையும் வைத்தால் மனு எப்படி நகரும்? வாடகை தராமல் வீட்டையும் விடாமல் இருப்பவரால் ஓனர் அலைகிறார். அட்வான்ஸில் வெள்ளையடிக்க, டாய்லெட் சரிசெய்ய என்று பாதியைப் பிடித்துக்கொள்கிற ஓனரால் குடியிருந்தவர் அலைகிறார். தாலுகாவுக்கு ஒரு முழுநேர வாடகை அதிகாரி, மனுவுக்கு இத்தனை நாளில் தீர்ப்பு என்று எழுதிக் கொடுக்கிற கட்சி எது என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நேரடியாகக் கேளுங்கள். இது இரண்டு தரப்புக்கும் வேண்டியது. வரிக் குறைப்பை விட இதற்குச் செலவும் குறைவு.

நம் ஆட்கள் பலருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு ஒரு வார்டில், நாம் குடியிருப்பது வேறு வார்டில். நம் சொத்து இருக்கிற தெருவுக்குக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு நமக்குக் கிடையாது, அங்கே குடியிருப்பவருக்குத்தான் உண்டு. அந்தத் தெருவில் வடிகால் வர வேண்டும் என்று நமக்காகவும் சேர்த்துக் கேட்கக்கூடியவர் அவர்தான். ஆனால் நம்மில் எத்தனை பேர் அவர் பெயர் அந்த முகவரியில் ஏற விடுகிறோம்? "ஓட்டர் ஐடி வாங்கிட்டா நாளைக்கு வீட்டைக் காலி பண்ண மாட்டான்" என்று பயந்து, ஒப்பந்த நகல் கேட்டால் இழுத்தடிக்கிறோம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் யாருக்கும் வீட்டின் மேல் உரிமை வந்துவிடாது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, அடிக்கடி வீடு மாறுகிற வாடகைக் குடும்பங்கள் எந்த முகவரியில் படிவம் வரும் என்று தெரியாமல் பழைய தெருவுக்கும் புதுத் தெருவுக்கும் அலைந்ததை நேரில் பார்த்தேன்.

எங்கள் மூன்று போர்ஷனுக்கும் ஒப்பந்த நகலைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மாடியில் இருக்கும் தம்பி முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 போட்டுவிட்டார். இந்தப் பதிவைப் படிக்கிற ஓனர்கள், உங்கள் வீட்டில் இருப்பவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே கூப்பிட்டு நகலைக் கொடுங்கள். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறியிருந்தால் 8. ஆன்லைனிலேயே போடலாம்.