டாஸ் ஸ்டூடியோ உருவத்தின் தோள் தானாகச் சரியாக வராது

டாஸ் ஸ்டூடியோ என்பது மனித உருவங்களை முப்பரிமாணத்தில் நிறுத்திப் பார்த்து வரைய உதவும் கணினி மென்பொருள். "டாஸ் ஸ்டூடியோவை இறக்கினால் போதும், கையை எப்படித் திருப்பினாலும் தோள் அசல் போலவே வரும்" என்று ஒருவர் பதில் எழுதியிருப்பது சரியல்ல. கேள்வி கேட்ட தங்கச்சிக்கு மாதிரி உருவம் தேவைப்படுவது, திருகோணமலை உப்புவெளிக் கரையில் கரைவலை (கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய மீன்வலை) இழுப்பவர்களை வரைவதற்கு. இதை நம்பினால் அவருடைய படத்தில் எல்லாத் தோள்களும் பிழைத்துவிடும்.

மென்பொருள் இலவசம்தான், அடிப்படை உருவமும் கிடைக்கும். உடைகள் பெரும்பாலும் காசுக்கு. இடுப்பில் கட்டும் சாரத்தின் மடிப்பைக் கடற்கரையில் பார்த்து வரைவதே நல்லது.

கையைத் தலைக்கு மேல் முழுதாக உயர்த்தும் 180 பாகையில் சுமார் 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருவது. மேற்கையை மட்டும் திருப்பினால் தோள் கீழேயே நின்று அக்குள் நசுங்கும். முதலில் உருவத்தின் தோள்பட்டையை அசைக்கும் 'காலர்' (புதிய உருவங்களில் 'ஷோல்டர்') எலும்பை உயர்த்துங்கள், பிறகு மேற்கையை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவத்துக்கு எலும்புக்கூடு அமைக்கும் ரிஜிஃபையிலும் 'ஷோல்டர்' கட்டுப்பாடு தனியாகத்தான் இருக்கிறது.

வலை இழுப்பவரை நேராக நிறுத்தவே கூடாது. கயிற்றின் இழுவிசை தாங்குவதால்தான் பின்னால் சாய்ந்தும் அவர் விழுவதில்லை. எடை மையம் குதிகாலுக்கும் பின்னால் போகும். உடலை நிமிர்த்திச் சமப்படுத்தினால் கயிறு தளர்ந்ததுபோல் தெரியும். மென்பொருளில் பாதம் தளத்தின் மேலேயே நிற்கும், மணலில் குதிகால் புதையும். ஆகவே உருவத்தைத் தளத்துக்குக் கீழே சில சென்ரிமீற்றர் இறக்குங்கள்.

கமராவின் குவியத்தூரத்தை 50 முதல் 85 மில்லிமீற்றருக்குள் வைத்துத் தள்ளி நிறுத்துங்கள். 24இல் நெருங்கினால் முன்கை பெருத்து, தலை சிறுத்துவிடும்.

கணினிக்கு வலு போதாவிட்டால் போஸ்மைஆர்ட் என்ற, இதேபோல் உருவங்களை நிறுத்திப் பார்க்கும் செயலி பிரவுசரிலேயே ஓடும். தோளை அங்கும் இதேபோல் கவனிக்கவேண்டும்.